ஐம்பதா, முப்பத்தைந்தா? மலிவு லென்ஸ் வாங்கக் கிளம்பும் முன்

டி.எஸ்.எல்.ஆர் வாங்கி ஒரு வருடம் கடந்தவர்கள் பெரும்பாலும் ஒரே லென்ஸைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். 50 எம்.எம், எஃப் 1.8. முதல் எண் குவியத் தொலைவு; அது கூடக் கூடப் பார்வை குறுகும். இரண்டாவது, ஒளி நுழையும் திறப்பின் (அபர்ச்சர்) அளவு; அந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. "நிஃப்டி ஃபிஃப்டி" என்று அதற்குச் செல்லப்பெயரே உண்டு. கூடவே வந்த கிட் லென்ஸ் அலுத்துவிட்டது, பெரிய லென்ஸ் வாங்கக் கையில் காசு இல்லை, யூடியூபில் எல்லோரும் இதையே வாங்கச் சொல்கிறார்கள். புதிதாக வாங்கினாலும் பத்தாயிரம் ரூபாயைச் சுற்றி முடிந்துவிடும். வாங்கலாமா என்று கேட்டால் "வாங்கு" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

நான் அப்படிச் சொல்வதில்லை. அந்த லென்ஸ் நல்ல லென்ஸ்தான். ஆனால் அது மலிவாக இருப்பதற்கான காரணத்துக்கும், நமக்கு அது ஒத்துவருமா என்பதற்கும் சம்பந்தமே கிடையாது. மலிவாக இருக்கிறது என்பதற்காக ஒரு குவியத் தொலைவை நம் தலையில் கட்டிக்கொள்கிறோம். லென்ஸ் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது 1.8 என்ற எண்ணை இல்லை. 50 என்ற எண்ணைத்தான்.

என் மச்சினன் விஷயத்தையே சொல்கிறேன். அவனிடம் இருப்பது கேனான் 1500டி. இரண்டு ஜூம் லென்ஸோடு சேர்த்து விற்பார்களே, அந்தப் பெட்டி. வீட்டில் ஆறு மாதக் குழந்தை. "மாமா, சாயங்காலம் எடுக்கிற படமெல்லாம் ஒண்ணு ஆடுது, இல்லன்னா புள்ளி புள்ளியா வருது. 50 வாங்கிடவா?" என்று போன் செய்தான். "அவசரப்படாத மாப்ள, உன் ஹால் எவ்வளவு நீளம்னு முதல்ல சொல்லு" என்றேன். லென்ஸுக்கும் ஹாலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குப் புரியவில்லை. அவன் அக்காவிடம் புகார் போயிருக்கிறது.

அவன் சொன்ன பிரச்சினை உண்மையானது. 18-55 கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் அது திறக்கும் அதிகபட்ச அளவு எஃப் 5.6. அதே இடத்தில் ஒரு 1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வரும் விடையை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். கிட் லென்ஸில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன், கூட்டினால் புள்ளிகள் வரும்) 6400 கேட்கும் படத்தை அதே ஷட்டர் வேகத்தில் 640-லேயே எடுத்துவிடலாம். புள்ளிகள் போய்விடும். கிட் லென்ஸில்தான் ஆட்டத்தைத் தடுக்கும் ஐ.எஸ். இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது நம் கை ஆடுவதைத்தான் சரிசெய்யும். குழந்தை கையை உதறுவதை அதனால் நிறுத்த முடியாது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். ஆக, அகலத் திறக்கும் ஒரு பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாமல் ஒரே குவியத் தொலைவு கொண்ட லென்ஸ், அவனுக்குத் தேவைதான். எந்த பிரைம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

50 ஏன் இவ்வளவு மலிவு? இதற்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட கதை உண்டு. கணித மேதை காஸ் 1817-இல் தொலைநோக்கிக்காக இரண்டு கண்ணாடிகள் கொண்ட ஓர் அமைப்பை எழுதிவைத்தார். 1888-இல் அமெரிக்காவில் ஆல்வன் கிளார்க் அப்படிப்பட்ட இரண்டை எதிரெதிராக வைத்தால் புகைப்பட லென்ஸ் ஆகும் என்று கண்டார். 1896-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் அதைச் செழுமைப்படுத்தி 'பிளானர்' என்ற லென்ஸை வடிவமைத்தார். நடுவில் அபர்ச்சர், அதற்கு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல் கண்ணாடிகள். முன்பக்கக் கண்ணாடிகள் செய்யும் பிழைகளில் பலவற்றைப் பின்பக்கத்தவை ரத்து செய்துவிடும். ஆனால் கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி சிதறித் திரும்பும். அப்படி எட்டுப் பரப்புகள் இருந்தால் படம் வெளிறிப்போகும். 1935-இல் அதே ஸைஸில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் மேல்பூச்சுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த நுட்பம் பரவிய பிறகுதான் இந்த வகை லென்ஸுக்கு முழு வாழ்வு வந்தது.

இன்று கடையில் கிடைக்கும் கேனான் இ.எஃப் 50 எஃப் 1.8 அந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஐந்து தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள், அவ்வளவுதான். எல்லாமே சாதாரண கோள வளைவு. விலை கூடிய ஆஸ்ஃபெரிக் கண்ணாடி ஒன்றுகூட இல்லை. இன்னொரு சாதகமும் உண்டு. எஸ்.எல்.ஆர் கேமராவில் லென்ஸுக்கும் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாருக்கும் நடுவில், பிரதிபலிக்கும் கண்ணாடி (மிரர்) ஒன்று மேலும் கீழும் அசைய இடம் விட வேண்டும். கேனானில் லென்ஸ் மாட்டும் வளையமான மவுண்ட்டிலிருந்து சென்சார் வரை 44 மி.மீ., நிக்கானில் 46.5. குவியத் தொலைவு அதைவிடக் கூடுதலாக, அதாவது 50 ஆக இருந்தால், லென்ஸ் எந்த வித்தையும் காட்டத் தேவையில்லை. 35, 28, 24 என்று இறங்கினால் ஒளியைப் பின்னுக்குத் தள்ள முன்பக்கம் தனியாக ஓர் அமைப்பு வேண்டும். பிரான்ஸின் ஆன்ஜெனியூ 1950-இல் 'ரெட்ரோஃபோகஸ்' என்று பெயரிட்டுக் கொண்டுவந்தது அதைத்தான். கண்ணாடிகள் கூடும், எடை கூடும், விலையும் ஏறும். 50 மலிவாக இருப்பதும் 24 எஃப் 1.8 விலை கூடியிருப்பதும் இதனால்தான். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று யாரும் யோசித்து வைத்த விலை இல்லை அது.

இன்னொன்று. 50 "இயல்பான பார்வை" என்ற பேச்சு 36-க்கு 24 மி.மீ. ஃபிலிம் காலத்தது. 1925-இல் விற்பனைக்கு வந்த லைகா கேமராவில் இருந்தது 50. அந்த ஃபிலிமின் மூலைவிட்டம் 43 மி.மீ., 50 அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. நம்மில் பலர் வைத்திருப்பது அந்த ஃபிலிமைவிடச் சிறிய க்ராப் சென்சார். 1500டி-யின் சென்சார் 22.3-க்கு 14.9, மூலைவிட்டம் 27 மி.மீ.கூட வராது. அதில் 50-ஐ மாட்டினால், ஃபுல் ஃப்ரேமில், அதாவது ஃபிலிம் அளவுச் சென்சாரில், 80 எம்.எம் மாட்டியது போன்ற குறுகிய பார்வைதான் கிடைக்கும். முகத்துக்கு அருமையான நீளம். கூடத்துக்கு?

ஹாலின் நீளத்தை நான் கேட்டது இதற்காகத்தான். மச்சினன் வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும், எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருப்பவருக்கும் கேமராவுக்கும் நடுவில் 3 மீட்டர் கிடைத்தால் பெரிது. சென்சாரின் 22.3 மி.மீ. நீளத்தை 50-ஆல் வகுத்து 3 மீட்டரால் பெருக்கினால் 1.34 மீட்டர். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் நிற்பவரின் முழு உருவம் வராது; முழங்கால் அருகிலேயே வெட்டிவிடும். படுக்கையாகப் பிடித்தால் சோபாவில் தாத்தா, பாட்டி, பேத்தி என்று மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார வேண்டும். அதே இடத்திலிருந்து நிக்கான் க்ராப் கேமராவில் 35 எம்.எம் மாட்டினால் 2 மீட்டர் அடங்கும். ஆளும் சோபாவும் பக்கத்தில் நிற்கும் குத்துவிளக்கும் வந்துவிடும். பிரைம் லென்ஸில் காலால் நடந்துதான் ஜூம் செய்ய வேண்டும் என்று பெருமையாகச் சொல்வார்கள். நடக்க இடம் இருப்பவர்கள் சொல்லலாம்.

நிக்கான்காரர்களுக்கு இதில் அதிர்ஷ்டம். 2009-இலேயே அவர்கள் க்ராப் சென்சாருக்கென்று 35 எம்.எம் எஃப் 1.8ஜி என்ற டி.எக்ஸ் லென்ஸைக் கொண்டுவந்தார்கள். ஆறு தொகுதிகளில் எட்டுக் கண்ணாடிகள், ஒன்று ஆஸ்ஃபெரிக். எடை 200 கிராம். 50-க்கு வேண்டாத அந்தக் கூடுதல் கண்ணாடிகளையும் சேர்த்து, மலிவான விலையில் கொடுத்தார்கள். டி3000, டி5000 வரிசைக் கேமரா வைத்திருக்கும் யாராவது ஒரே ஒரு பிரைம் கேட்டால், வேறு யோசனை இல்லாமல் இதைத்தான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: பழைய "50 1.8டி" இன்னும் மலிவாகக் கிடைக்கும். அதற்குள் ஆட்டோஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். 2006-இல் வந்த டி40 தொடங்கி நிக்கானின் ஆரம்பநிலைக் கேமராக்களில் அந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். மாட்டினால் படம் எடுக்கும், ஃபோகஸை நீங்களே கையால் திருப்ப வேண்டும். பெயரில் 'ஏ.எஃப்-எஸ்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேனான் டி.எஸ்.எல்.ஆர்-காரர்கள் பாடுதான் திண்டாட்டம். க்ராப் சென்சாருக்கென்று மலிவான 35 எஃப் 1.8 ஒன்றை கேனான் கடைசிவரை செய்யவே இல்லை. 35 எஃப் 2 ஐ.எஸ். பிரமாதமான லென்ஸ், ஆனால் விலை வேறு உலகம். 24 எஃப் 2.8 எஸ்.டி.எம். என்று 2014-இல் வந்த பிஸ்கட் அளவு லென்ஸ் எனக்கு மிகவும் பிடிக்கும். தெருவுக்கும் பயணத்துக்கும் அதைவிட வசதி கிடையாது. ஆனால் கிட் லென்ஸ் 24-இல் எஃப் 4 கொடுக்கும்போது இது 2.8 கொடுக்கிறது, வெளிச்சம் இரண்டு மடங்குதான். இருட்டு ஹால் பிரச்சினைக்கு அது போதாது. சீனாவின் யோங்னுவோ செய்யும் 35 எஃப் 2 ஒன்று இருக்கிறது. கிட் லென்ஸ் 35-இல் 4.5 அளவுக்குத் திறக்கும். இது ஐந்து மடங்கு வெளிச்சம் தரும். மலிவு. வாங்குவதானால் மாட்டிப் பார்த்து, பத்துப் படம் எடுத்து, ஃபோகஸ் சரியாக விழுகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

மிரர்லெஸ் (அந்த அசையும் கண்ணாடி இல்லாத கேமரா) வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேனான் ஆர்50, ஆர்10 போன்றவற்றுக்கு ஆர்.எஃப் 50 எஃப் 1.8 இருக்கிறது, அவையும் க்ராப்தான், எனவே அதே 80 கணக்கு. 2024 முதல் சிக்மாவின் க்ராப் லென்ஸ்கள் ஆர்.எஃப் மவுண்ட்டுக்கும் வரத் தொடங்கின. சிக்மா 30 எஃப் 1.4 சோனியிலும் நிக்கான் இஸட்டிலும் முன்பே உண்டு. சற்று விலை கூடினாலும் ஹால் அளவுக்கு அதுதான் சரி. நிக்கான் இஸட் க்ராப்புக்கு 2023-இல் வந்த 24 எஃப் 1.7 எடை குறைவு, வீட்டுக்குள் பொருத்தம். ஃபூஜியில் எக்ஸ்.சி 35 எஃப் 2. அதே நிறுவனத்தின் விலை கூடிய எக்ஸ்.எஃப் 35 எஃப் 2-இன் கண்ணாடிகளே இதிலும். உடல் பிளாஸ்டிக், அபர்ச்சர் வளையம் இல்லை, அதற்காகப் படம் மாறாது. கையால் ஃபோகஸ் செய்யும் சீன லென்ஸ்கள், 35 எஃப் 1.4 போன்றவை, காசுக்கு மேல் தரமாக இருக்கின்றன. பூவும் கோபுரமும் எடுப்பவர்களுக்குச் சரி. தவழும் குழந்தையைத் துரத்துகிறவர்களுக்கு ஆகாது.

1.8-க்குப் பதில் 1.4 வாங்கலாமா என்றும் கேட்பார்கள். வெளிச்சத்தில் வித்தியாசம் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல், விலையில் அதைவிட எவ்வளவோ கூடுதல். வேண்டாம்.

இனி பின்னணி மங்கல். பாதிப் பேர் பிரைம் வாங்குவது இதற்குத்தான், தப்பில்லை. கைப்பேசியிலும் எஃப் 1.8 என்று போட்டிருக்கிறதே, அதில் ஏன் வருவதில்லை என்றால், எஃப் எண் ஒரு விகிதம் மட்டுமே. 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் திறப்பின் விட்டம் சுமார் 28 மி.மீ. கைப்பேசி லென்ஸின் உண்மையான குவியத் தொலைவு 6 மி.மீ. அளவில் இருக்கும், திறப்பு 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அங்கே மங்கலை மென்பொருள்தான் வரைகிறது, அதனால்தான் சில சமயம் கல்யாணப் பெண்ணின் நெற்றிச்சுட்டியையும் சேர்த்து மங்கவைத்துவிடுகிறது.

ஆனால் மங்கல் இலவசமாகக் கிடைப்பதில்லை. 1500டி-யில் 50-ஐ 1.8-ல் திறந்து, ஒன்றரை மீட்டரில் ஒருவரை எடுத்தால் தெளிவாக வரும் ஆழம் சுமார் 6 செ.மீ. ஒரு மீட்டருக்கு நெருங்கினால் 3 செ.மீ.கூட இருக்காது. மூக்கு தெளிவு, கண் மங்கல் என்று படம் வருவது இதனால்தான். லென்ஸ் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அந்தக் கேமராவில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள் உண்டு, நடுப்புள்ளி மட்டுமே குறுக்குநெடுக்காக இரண்டு திசையிலும் உணரும் வகை. நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்துப் பிடித்துவிட்டு கேமராவைத் திருப்பினால் அந்தத் திருப்பத்திலேயே 3 செ.மீ. போய்விடும். 2.5 அல்லது 2.8-க்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இந்த விலை லென்ஸ்கள் எல்லாமே அங்கேதான் கூர்மை பெறுகின்றன, 1.8-ல் ஜரிகைப் புடவையின் பளபளப்பு ஓரங்களில் ஊதா விளிம்பு தெரியும், திறப்பை இரண்டு படி (3.5 வாக்கில்) குறைத்தால் பெரும்பாலும் போய்விடும். கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் மிரர்லெஸ் கேமராக்களில் இந்தத் தலைவலி வெகுவாகக் குறைவு.

இதே காரணத்தால் சில படங்களுக்கு இந்த லென்ஸே வேண்டாம் என்பேன். நவராத்திரிக்கு ஒன்பது படி கொலு வைத்திருக்கிறீர்கள், விளக்கொளியில் அழகாக இருக்கிறது, 1.8-ல் எடுத்தால் இரண்டு படி மட்டும் தெளிவாக வரும். பொம்மைகள் எங்கும் ஓடப் போவதில்லை. கிட் லென்ஸை எஃப் 8-ல் வைத்து, கேமராவை ஸ்டூல் மேல் நிறுத்தி, இரண்டு நொடி ஷட்டரைத் திறந்தால் தசாவதாரம் முழுக்கத் தெளிவாக வரும். குரூப் போட்டோவும் அப்படியே. 3 மீட்டரில் 50 எஃப் 1.8-க்குக் கிடைக்கும் ஆழம் கால் மீட்டர். முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார், பின்வரிசையில் பெண் வீட்டார் என்றால் சண்டை நிச்சயம்.

மச்சினனை வாங்குவதற்கு முன் இரண்டு வேலை செய்யச் சொன்னேன். முதலாவது, இதுவரை எடுத்த படங்களைக் கணினியில் போட்டு, ஒவ்வொன்றும் எந்தக் குவியத் தொலைவில் எடுத்தது என்று வரிசைப்படுத்திப் பார்ப்பது. படத்துக்குள்ளேயே அந்த விவரம் இருக்கும். பலருக்கு வருவதைப் போலவே அவனுக்கும் 18-இலும் 55-இலும் குவிந்திருந்தது, நடுவில் கொஞ்சம். 18-இல் குவிந்தால் அது விருப்பமா, இட நெருக்கடியா என்று படத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அவனுடைய 18-கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள் நிறைந்த விசேஷ வீட்டுப் படங்கள். 55-கள் எல்லாமே குழந்தை மட்டும். இரண்டாவது வேலை, ஜூம் வளையத்தை 50-க்குத் திருப்பி இன்சுலேஷன் டேப் ஒட்டி ஒரு வாரம் அப்படியே எடுப்பது, அடுத்த வாரம் 35-இல். காசு செலவில்லாமல் லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டதற்குச் சமம்.

டேப் ஒட்டிப் பார்த்ததில் 50 போதும் என்று அவனே சொன்னான். குழந்தையின் நீளம் 70 செ.மீ.கூட இல்லை, அந்த ஹாலிலேயே தாராளமாக அடங்குகிறது. நடக்க ஆரம்பித்து லென்ஸை நோக்கி ஓடிவரும் வயதில் 35 தேவைப்படும், அப்போது பார்த்துக்கொள்ளலாம், இதை விற்றால் பெரிய நஷ்டமும் வராது என்பது அவன் கணக்கு. எனக்கும் சரி என்றே பட்டது.

பழையதாகத் தேடினான். 50-இல் மூன்று தலைமுறை சுற்றிக்கொண்டிருக்கிறது: 1987-இன் உலோக மவுண்ட், 1990-இல் வந்த பிளாஸ்டிக் மவுண்ட் 'மார்க் 2', 2015-இன் எஸ்.டி.எம். மார்க் 2-வில் அபர்ச்சர் இதழ்கள் ஐந்து, பின்னணி சீரியல் விளக்குகள் ஐங்கோணமாக விழும். நெருங்கும் தூரம் 45 செ.மீ. எஸ்.டி.எம்-இல் இதழ்கள் ஏழு, 35 செ.மீ. வரை நெருங்கலாம், மவுண்ட்டும் உலோகம். சில நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக மார்க் 2 வாங்காதீர்கள். பழைய லென்ஸை எடுத்ததும் இரண்டு மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து கைப்பேசி டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். கடலோர ஊர்களில் பீரோவுக்குள் தோல்பையில் வைத்த லென்ஸ்களில் இது சகஜம். தூசு இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் போதும்.

நல்ல நிலையில் ஓர் எஸ்.டி.எம். கிடைத்தது. எம் (மேனுவல்) மோடு, எஃப் 2.2, ஷட்டர் 1/200, ஐ.எஸ்.ஓ. ஆட்டோ என்று வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் போன். "மாமா, ஒரு படம் மஞ்சளா இருக்கு, அடுத்தது வெள்ளையா, அதுக்கடுத்தது இருட்டா. ஏமாத்திட்டானா?" ஹாலில் இருப்பது பழைய சோக் வைத்த டியூப்லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்கு நொடிக்கு நூறு தடவை ஏறி இறங்கும். 1/200-இல் அந்த ஏற்றத்தையோ இறக்கத்தையோ மட்டும் கேமரா பிடித்துவிடுகிறது. 1/100-க்கு இறக்கச் சொன்னேன், நிறம் நின்றுவிட்டது. ஆனால் 1/100-இல் குழந்தையின் கை மறுபடி ஆடுகிறதாம். டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு மினுக்காத நல்ல எல்.இ.டி. ஒன்று மாட்டு என்று சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் எலெக்ட்ரீஷியன் வருகிறார்.